மெள்ளக்காவின் களைப்பு

என் வேலை மற்றவர்களுடைய மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. கல்யாண வீட்டில் யாராவது வேலையைப் பற்றி விசாரிக்க, நானும் உள்ளதைச் சொல்லிவிட்டால், அடுத்த நிமிஷம் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும். அதனால் "லேப்ல இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறையை ஒட்டிய நீளமான அறையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் ஒன்று. மைக்ராஸ்கோப் இரண்டு. அதில் ஒன்று பழுது. சரிசெய்ய ஆள் வருகிறான் வருகிறான் என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எத்தனை ஆயிரம் டப்பாக்களைத் திறந்திருப்பேனோ தெரியாது. டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்கள் மனசில் நிற்பதில்லை. நின்றவள் மெள்ளக்கா ஒருத்திதான்.

அது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. அவள் செடிப் பண்ணையில் வேலை செய்தாள். மண் சட்டியைத் தூக்கினால் மெள்ளத் தூக்குவாள், உட்கார்ந்தால் மெள்ள உட்காருவாள், எழுந்திருப்பது அதைவிட மெள்ள. யாராவது விரட்டினால் "மெள்ள வரேன், மெள்ள" என்பாள். கூட இருந்த பெண்கள் அதையே பெயராக்கிவிட்டார்கள். நாளாக ஆக முதலாளியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். சம்பள நோட்டில்கூட அந்தப் பெயர்தான் இருந்ததாம்.

பண்ணைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது அவளுடைய அக்கா. அப்போது அவளுக்குப் பதினேழு வயது. பண்ணை என்றால் பெரிய இடமில்லை. பச்சை வலை கட்டிய நாலு பந்தல், ஒரு தண்ணீர்த் தொட்டி, மூலையில் கலவை மண் குவியல். செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்த அந்தக் குவியலிலிருந்து சட்டி சட்டியாக அள்ளி, கறுப்புப் பாலிதீன் பைகளில் அடைத்து, விரலால் குழி பறித்து நாற்று நட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு நானூறு பை. நாள் முழுவதும் நீர் தெளிப்பதால் கீழே எப்போதும் ஈரம், மேலே எப்போதும் நிழல். செருப்புப் போட்டால் வழுக்கும் என்று எல்லாரும் வெறுங்காலோடுதான் நிற்பார்கள்.

முதல் வருஷம் கால் விரல் இடுக்கெல்லாம் அரித்து, சிவந்து, கொப்புளம் வந்தது. "சேத்துப் புண்ணுடி. எல்லாருக்கும் வரும், பழகிடும்" என்றாள் அக்கா. கொஞ்ச நாளில் வறட்டு இருமல் வந்தது, போய்விட்டது. அதற்கப்புறம் களைப்பு வந்தது. அது மட்டும் போகவே இல்லை.

கல்யாணமாகிப் போன இடத்தில் இரண்டு அறை, மாடி. வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். சத்தமாகப் பேசுவாரே தவிர கெட்ட மனிதரில்லை. புதுப் பெண்டாட்டி பகலில் படுத்திருந்ததைப் பார்த்து முதலில் சிரித்தார், அப்புறம் கிண்டல் செய்தார், அப்புறம் எரிச்சல்பட்டார். "மகாராணி எழுந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைவார். இவள் பதில் சொல்வதில்லை. பதில் சொல்லவும் மூச்சு வேண்டுமே.

மகள் ஒருத்தி. எடை குறைவாகப் பிறந்து, தப்பிப் பிழைத்து, எட்டு வயதிலேயே அடுப்பைப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டவள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். இவள் பாத்திரம் கழுவி, அரிசி களைந்து, வீட்டைக் கூட்டிவிட்டு, புத்தகத்தை எடுப்பதற்குள் அவளுக்கே தூக்கம் வந்துவிடும். ஒருநாள் வாய்விட்டே சொன்னாளாம்: "மத்தவங்க அம்மா எல்லாம் வேலைக்கும் போறாங்க, வீட்டையும் பாக்கறாங்க. உனக்கு மட்டும் என்னம்மா? சோம்பேறித்தனம்தானே?"

"நான் என்ன மேடம் சொல்றது" என்று பிற்பாடு என்னிடம் கேட்டாள் மெள்ளக்கா. "எனக்கே அப்படித்தான் தோணுச்சு."

இன்னொன்றும் இருந்தது. யாரிடமும் சொல்லாதது. மழை பெய்து மண் மணத்தால் அவளுக்கு நாக்கு ஊறும். உடைந்த மண்தொட்டி ஓடுகளைப் பொறுக்கி இடுப்பில் செருகிக்கொள்வாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்பாள். திருடித் தின்கிற மாதிரி இருக்கும், ஆனால் நிறுத்த முடியாது. தனக்கு ஏதோ மனசுக்கோளாறு என்றே இருபது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயதான வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பஸ்ஸிலிருந்து இறங்கிப் பண்ணைக்கு நடக்கிற வழியில் ஒரு மதிலோரமாக உட்கார்ந்தாள். அது வழக்கம்தான். அந்தக் கால் மணி நேர நடைக்கு நடுவில் மூன்று இடத்தில் உட்காருவாள். பின்னால் வந்த ஊசி (ஒல்லியாக இருப்பதால் அந்தப் பெயர்) "எழுந்திரு மெள்ளக்கா, முதலாளி வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து தண்ணீர் கேன் எடுக்க அதே வழியாக வந்தபோது மெள்ளக்கா அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்து, கண் பாதி மூடியிருந்தது. தொட்டதும் சாய்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் எனக்கு முதலில் வந்தது அவளுடைய ரத்தம். குழாயைச் சாய்த்துப் பார்த்தேன். சிவப்புச் சாயம் கரைத்த தண்ணீர் மாதிரி ஓடியது. மெஷினில் வைத்தேன். ஹீமோகுளோபின் பன்னிரண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய இடத்தில் நாலு புள்ளி ஒன்று. மெஷின் மேல் சந்தேகம் வந்து மறுபடி ஓட்டினேன். நாலு. ஓடிப்போய் வார்டு டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அன்றைக்கே இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மாதவிலக்கு அதிகமா என்று கேட்டால் இல்லை என்கிறாள். மூலம் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை என்கிறாள். அப்படியானால் ரத்தம் எங்கேதான் போகிறது? மறுநாள் டப்பா வந்தது.

உப்புத் தண்ணீரில் ஒரு துளி கரைத்து, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தேன். பல நாளில் தகடு முழுக்கத் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. அன்றைக்குத் தேட வேண்டிய வேலையே இல்லை. பார்த்த இடத்திலெல்லாம் ஆறு, ஏழு முட்டைகள். நீள்வட்டமாக, கண்ணாடி போல மெல்லிய ஓடு, உள்ளே நாலாய் எட்டாய்ப் பிரிந்த கரு. எண்ணிக்கொண்டே வந்து, கண் வலித்து, நிறுத்திவிட்டேன். சீட்டில் "கொக்கிப்புழு, மிக அதிகம்" என்று எழுதினேன். எழுதி அனுப்பியதோடு என் வேலை முடிந்தது. அடுத்த டப்பாவைத் திறந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவளே வந்து நின்றாள். ஒரு கையில் சீட்டு, இன்னொரு கை கதவைப் பிடித்திருந்தது. வார்டிலிருந்து படி இறங்கி வந்ததில் மூச்சு வாங்கியது.

"மேடம், இதுல என்ன எழுதியிருக்கு? டாக்டரம்மா பூச்சின்னாங்க. பூச்சிக்கா இத்தனை ரத்தம்?"

கூட்டம் குறைவான நேரம். எனக்கு என்ன தோன்றியதோ, உட்காரச் சொன்னேன். வேறொருவருடைய தகட்டில் அதே முட்டை இருந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் இரண்டையும் மூடிக்கொண்டாள். நான் கையால் ஒரு கண்ணைப் பொத்திவிட்டேன்.

"இது பூச்சியா?"

"இது முட்டைக்கா. உங்க உள்ள இருந்து வந்ததும் இதே மாதிரிதான். பூச்சி குடல்லயே இருக்கு. நூல் மாதிரி, அரை அங்குலம்கூட இருக்காது. வாய்ல பல்லு மாதிரி கொக்கி இருக்கும். குடலைக் கவ்விப் பிடிச்சுக்கிட்டு ரத்தம் குடிக்கும். ஒண்ணு குடிச்சா ஒரு சொட்டுகூட வராது. நூத்துக்கணக்குல இருந்து, தினமும், வருஷக்கணக்கா குடிச்சா?"

"நான் பச்சையா எதையும் தின்னதில்லையே மேடம். தண்ணிகூடக் காய்ச்சித்தான்..."

"வாய் வழியா வரலக்கா. கால் வழியா."

அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் செருப்புக்குள் அவை வெடித்து, நகமெல்லாம் மண் கறையோடு இருந்தன.

நான் சொன்னேன். ஒருத்தர் வெட்டவெளியில் மலம் கழித்தால் முட்டை மண்ணுக்கு வருகிறது. ஈரமும் நிழலும் இருந்தால் ஓரிரு நாளில் பொரிகிறது. ஒரு வாரம் பத்து நாளில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப்புழு மண்ணின் மேல்மட்டத்துக்கு ஏறி, ஏதாவது கால் வருமா என்று காத்துக் கிடக்கிறது. வெறுங்கால் பட்டதும் விரல் இடுக்கில் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. அரிப்பு அதனால்தான். பிறகு ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து மூச்சுக்குழாயில் ஏறித் தொண்டைக்கு வருகிறது, இருமல் அதனால்தான். எச்சிலோடு முழுங்கிவிடுகிறோம். குடலுக்குப் போய்க் கவ்விக்கொள்கிறது.

"அப்புறம் உள்ளயே குட்டி போட்டுப் பெருகிடுமா?"

"இல்ல. அதுதான் இதுல விஷயம். உள்ள பெருகாது. முட்டை மறுபடியும் மண்ணுக்குப் போயித்தான் ஆகணும். உங்க உள்ள எத்தனை இருக்கோ, அத்தனையும் ஒவ்வொண்ணா உங்க கால் வழியா ஏறினதுதான்."

"இருபத்தாறு வருஷம்" என்றாள்.

கிளம்பும்போது கதவருகே திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, மண் ஓடு தின்கிற விஷயத்தைச் சொன்னாள். ரத்தம் குறைந்தால் சிலருக்கு அப்படி வரும், பைத்தியமில்லை என்றேன். அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியை, ரத்தம் ஏறி முடிந்தபோதுகூட டாக்டரம்மா பார்த்திருக்க மாட்டார்.

வைத்தியம் ஒரு மாத்திரை. வாயில் போட்டு மென்று முழுங்க வேண்டும். பதினைந்து நாள் கழித்து இன்னொன்று. ரத்தம் ஊறுவதற்கு மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை. வீட்டுக்காரர் அந்த ஒற்றை மாத்திரையைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாராம். "இதுக்காடி இருபது வருஷமா உன்னை வாய்க்கு வந்தபடி பேசினேன்" என்று சிரிக்கப் பார்த்து, முடியாமல், டீ குடிக்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

மகள் கட்டிலோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். பத்தொன்பது வயது, ஜெராக்ஸ் கடையில் வேலை. மாத்திரை அட்டையைப் பார்த்ததும், "இது எங்களுக்கு ஸ்கூல்ல குடுத்ததாச்சே. வருஷா வருஷம் குடுத்தாங்க. டீச்சர் முன்னாடியே முழுங்கணும்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் அட்டையின் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள்.

"அப்போ நீ சோம்பேறி இல்லையாம்மா?"

"தெரியலம்மா. இனிமேத்தான் பாக்கணும்" என்றாளாம் இவள்.

மூன்று மாதம் மாதாமாதம் ரத்தம் சோதிக்க வந்தாள். ஆறு, எட்டு, பதினொன்று என்று ஏறிக்கொண்டே வந்தது. சீட்டு வாங்கும் சாக்கில் என் அறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். நான் தகடு பார்த்துக்கொண்டே காதைக் கொடுப்பேன். இந்தக் கதையெல்லாம் அப்படிக் கேட்டதுதான்.

"போன வாரம் காலைல கண்ணு முழிச்சேன் மேடம். உடம்பே இல்லாத மாதிரி இருந்துச்சு. எங்கயும் கனமா இல்ல. எழுந்து நடந்து போயி முகம் கழுவினேன். பாதி கழுவும்போதுதான் ஞாபகம் வந்துச்சு, நான் எழுந்திரிக்கறதுக்கு யோசிக்கவே இல்லைன்னு." பிறகு கேட்டாள்: "எல்லாரும் தினமும் இப்படித்தான் எழுந்திரிப்பாங்களா?"

"ஆமாக்கா. கிட்டத்தட்ட."

"அடப்பாவிகளா" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் கண் கலங்கியிருந்தது. "எல்லாரும் சும்மா நடந்து போன வழியில நான் கல்லு மூட்டையைத் தூக்கிட்டு நடந்திருக்கேன். அதையும் திட்டு வாங்கிக்கிட்டே நடந்திருக்கேன்."

நாலாவது மாதம் வந்தபோது அவள் முகம் சரியாக இல்லை. சீட்டைக் கையில் வாங்கி மடித்து வைத்துக்கொண்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்கக்கா."

"செத்துப்போனவங்களுக்கு டெஸ்ட் எடுக்க முடியுமா?"

போன வாரம் நடந்த சாவு ஏதோ என்று நினைத்து, "எத்தனை நாள் ஆச்சு?" என்றேன்.

"இருபத்தி ரெண்டு வருஷம்."

அக்காவைப் பற்றி அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னாள். இவளைப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு வந்த அக்கா. இவளைப் போலவே கல்யாணத்துக்கு அப்புறமும் அதே பந்தலில், அதே மண்ணில். நிறைமாசம் வரைக்கும் பை நிரப்பினாள். வெளுத்துப் போயிருந்தாள், முகத்தில் கர்ப்பக் களை என்றார்கள். இரண்டு பேரும் ஒரே மண்தொட்டி ஓட்டை உடைத்துப் பங்கு போட்டுத் தின்றிருக்கிறார்கள். இவளுக்கு அந்தப் பழக்கமே அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்றுதான் நினைப்பு. பிரசவத்தில் ரத்தம் போயிற்று. ரொம்ப ஒன்றும் போகவில்லை என்று மருத்துவச்சி சொன்னாளாம். ஆனால் தாங்குவதற்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. விடிவதற்குள் போய்விட்டாள். குழந்தையைத் தகப்பன் வீட்டார் எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனார்கள். அப்புறம் தொடர்பில்லை. விதி என்றார்கள். இவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

"முடியாதுக்கா" என்றேன். "இப்போ ஒண்ணும் பாக்க முடியாது."

"ஆனா அதுவாத்தான் இருந்திருக்குமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எந்தப் பொய் ஆறுதலாக இருக்கும் என்றும் தெரியவில்லை. "இருந்திருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது. பிரசவத்துல எத்தனையோ காரணம் இருக்கு."

"ஒரு மாத்திரை" என்றாள். டப்பாக்கள் அடுக்கியிருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நானும் தகட்டைப் பார்ப்பது போலக் குனிந்திருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை.

அப்புறம் ஆறேழு மாதம் அவள் வரவில்லை. நன்றாக இருக்கிறாள் போல என்று விட்டுவிட்டேன். ஒருநாள் மதியம் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். அந்த மூச்சைக் கேட்டதுமே ஒரு டப்பாவை எடுத்து நீட்டினேன். ரத்தம் ஒன்பதுக்கு இறங்கியிருந்தது. டப்பாவில் மறுபடியும் முட்டை.

"நீங்க குடுத்த மாத்திரை சரியில்லையா மேடம்?"

மாத்திரை சரியாகத்தான் வேலை செய்திருந்தது. கேட்க வேண்டிய கேள்வியை நாங்கள் யாரும் கேட்காமல் விட்டிருந்தோம். டாக்டரம்மா "செருப்புப் போடுங்க" என்று சொன்னார்; இவளும் போட்டுப் பார்த்து, சேற்றில் இரண்டு தடவை வழுக்கி விழுந்து, கழற்றிவிட்டாள். பண்ணையில் பெண்கள் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"கலவைக் குவியலுக்குப் பின்னாடிதான். அங்கதான் மறைப்பா இருக்கும்."

"கக்கூஸ் இல்லையா?"

"இருக்கு. பூட்டியிருக்கும். செடி வாங்க வர்றவங்களுக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை செடி வாங்குகிற சாக்கில் நானே போனேன். அவள் சொன்ன இடத்தைக் காட்டினாள். நிழல், ஈரம், மெத்தென்ற கறுப்பு மண். வருஷக்கணக்காகக் குவியல் சரிந்து சரிந்து அந்த இடம் வரைக்கும் பரவியிருந்தது. மண்வெட்டிக்காரர் அங்கிருந்தும் சேர்த்துத்தான் அள்ளுகிறார். அந்த மண்தான் சட்டிக்குப் போகிறது. சட்டியிலிருந்து இவர்கள் நிற்கிற பந்தல் முழுக்கச் சிந்துகிறது. பத்துப் பெண்கள் தங்கள் புழுவை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

பத்து டப்பா கொடுத்தேன். ஒரே சிரிப்பு. "இதையும் பொட்டலம் கட்டிக் குடுக்கற காலம் வந்துடுச்சா!" என்றாள் ஒருத்தி. "எம்மா, பேரைப் பாத்து ஒட்டுங்க, என்னுது உங்களுக்குப் போயிடப் போகுது" என்றாள் ஊசி. மறுநாள் மெள்ளக்கா ஒரு கூடையில் அடுக்கி, மேலே துணி போட்டு, பஸ்ஸில் கொண்டு வந்தாள். கூடையில் என்ன என்று கண்டக்டர் கேட்டதற்கு "சாம்பிள்" என்றாளாம். பத்தில் ஏழு பேருக்கு முட்டை இருந்தது. ஊசிக்கு ரத்தம் ஏழு. எல்லாருக்கும் மாத்திரை வாங்கிக் கொடுத்தார் டாக்டரம்மா. ஆனால் அந்தப் பூட்டு திறக்காமல் மாத்திரையால் மட்டும் ஒன்றும் ஆகாது என்று அந்தப் பெண்களுக்கு இப்போது தெரியும்.

முதலாளியிடம் போய்க் கேட்டார்கள். அவர் கடுமையான ஆளில்லை. எல்லாவற்றுக்கும் "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். மூன்று வாரம் பார்த்தார். பூட்டு அப்படியே இருந்தது.

நாலாவது வாரம் சனிக்கிழமை. செடி வாங்கக் கார்கள் வரிசையாக வருகிற நாள். எட்டு மணிக்கு மெள்ளக்கா வந்தாள், சட்டியை எடுக்கவில்லை. நேராகக் கக்கூஸ் வாசற்படிக்குப் போய், கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். பத்து மணிக்கு ஒரு குடும்பம் குழந்தையோடு வந்தது. குழந்தைக்கு அவசரம்.

"கொஞ்சம் எழுந்திரிங்கம்மா."

"மயக்கமா இருக்கும்மா. எழுந்திரிக்க முடியல."

அவர்கள் முதலாளியிடம் போனார்கள். அவர் சாவியோடு ஓடி வந்தார். "என்ன மெள்ளக்கா, மறுபடியும் உடம்புக்கு வந்துடுச்சா?"

"ஆமாங்க. அந்தச் சாவி கைல வந்தா சரியாயிடும்."

ஊசிக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு வந்துவிட்டதாம். முதலாளி சுற்றிப் பார்த்தார். பத்துப் பெண்களும் வேலையை விட்டு நின்றுகொண்டிருந்தார்கள். குழந்தை காலை மாற்றி மாற்றி வைத்தது. "எழுந்திரும்மா, மானம் போகுது" என்றார்.

"நான் உக்காந்தா எழுந்திரிக்க நேரமாகும்னு உங்களுக்குத் தெரியுமே. உங்க நோட்டுலயே அப்படித்தானே பேரு எழுதியிருக்கு."

சாவி கைக்கு வந்தது. அவள் எழுந்து, கதவைத் திறந்து, முதலில் குழந்தையை உள்ளே விட்டாள்.

ஒரு வாரத்தில் அழுக்காகிறது என்று மறுபடியும் பூட்டப் பார்த்தார். இவர்கள் முறை போட்டுக் கழுவினார்கள். குவியலுக்குப் பின்னாலிருந்த மண்ணை எடுப்பதில்லை என்று மண்வெட்டிக்காரரோடு சண்டை போட்டு ஒத்துக்கொள்ள வைத்தார்கள். அந்த மூலைக்கு மேலிருந்த வலையை அவிழ்த்து வெயில் படவிட்டார்கள். காய்ந்த மண்ணில் குஞ்சுப்புழு பிழைக்காது என்று நான் சொல்லியிருந்தேன். அடிப்பாகம் சொரசொரப்பான, வழுக்காத ரப்பர் செருப்பு எங்கே கிடைக்கும் என்று மகள்தான் விசாரித்துக் கண்டுபிடித்தாள். பாதிப் பேர் போட்டார்கள். மீதிப் பேர் கடிக்கிறது என்று கழற்றி வைத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பத்து டப்பா மறுபடி வந்தபோது மூன்றில் முட்டை இருந்தது. அதுவும் தகடு முழுக்கத் தேடினால் ஒன்றிரண்டு. மெள்ளக்காவுடையதில் இல்லை. ரத்தம் பன்னிரண்டு.

"சந்தோஷமா இருக்கா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "முன்னாடி நான் படுத்திருந்தா யாரும் ஒண்ணும் எதிர்பார்க்க மாட்டாங்க மேடம். இப்போ அவருக்கு விடிகாலைல சோறு வேணும். லாரி துணியெல்லாம் துவைக்கணும். பண்ணைல நானூறு பை, அஞ்சு மணிக்கே முடிஞ்சிடுதுன்னு முதலாளி இன்னும் அம்பது பை சேத்துக் குடுக்கறாரு. முன்னாடி களைப்பு மட்டும் இருந்துச்சு. இப்போ வேலையும் இருக்கு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு, "ஆனா இந்தக் களைப்பு வேற மேடம். படுத்தா போயிடுது" என்றாள்.

மகளைப் பற்றிக் கேட்டேன். அவள் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாளாம், ஆனால் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லையாம். மன்னிப்பு என்றெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு தாள் கொண்டு வந்து கொடுத்தாள். எங்கேயோ இருந்து எடுத்த புழுவின் படம், பெரிதாக்கியது. வாயும் கொக்கியும் தெரிந்தது. "இதைப் போய் இத்தனை வருஷம் சுமந்திருக்கியேம்மா" என்றாளாம். மெள்ளக்கா அந்தத் தாளைத் தூக்கிப் போடவும் மனசில்லாமல், வைத்துக்கொள்ளவும் பிடிக்காமல், மடித்து ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாள்.

போன மாதம் வந்தாள். முதலாளி ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு பண்ணை போட்டிருக்கிறாராம். பந்தல் ஆறு. பெண்கள் பன்னிரண்டு பேர், எல்லாம் புதுசு, அதில் மூன்று பேர் சின்னப் பெண்கள். இவளை மேற்பார்வைக்கு அங்கே மாற்றியிருக்கிறார். அங்கே கக்கூஸ் இல்லை. கட்டப் போகிறேன், பாக்கலாம் என்றிருக்கிறார்.

"பன்னெண்டு டப்பா வேணும் மேடம்" என்றாள்.

அலமாரியைத் திறந்து பார்த்தேன். ஒன்பதுதான் இருந்தது. அதை எடுத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டு, மிச்சத்துக்குப் புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.